கணினி அறிவியல் பி.இ.: எட்டு செமஸ்டருக்கும் பாடங்களைத் திட்டமிடுவது எப்படி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் பி.இ. முடித்தவன் நான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் முதல் பட்டதாரி. மூன்றாம் செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸில் அரியர் விழுந்தது. நான்காவதில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் போனது. ஐந்தாவதில் கம்பைலர் டிசைனும் போனது. இந்த மூன்று பாடங்களும் ஒரே சங்கிலி என்பது, மூன்றிலும் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை, விடுதியிலும் ஆள் இல்லை. அந்தக் குறை உங்களுக்கு இருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"பாடங்களைக் கல்லூரிதானே முடிவு செய்கிறது, நாம் திட்டமிட என்ன இருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். முதல் நான்கு செமஸ்டரில் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பாடத்துக்கு எப்போது தயாராவது, எதில் நேரத்தைக் கொட்டுவது, ஐந்தாவதில் வரும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) படிவத்தில் எதை எழுதுவது என்பதெல்லாம் நம் கையில்தான் இருக்கின்றன.

1. உங்கள் ரெகுலேஷன் எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ரெகுலேஷன் என்பது நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய விதிகளும் பாடத்திட்டமும். இணைப்புக் கல்லூரிகளில் 2021 முதல் 2024 வரை முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு 2021 ரெகுலேஷன். 2025-26இல் முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு 2025 ரெகுலேஷன் வந்துவிட்டது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவர்கள், தங்களோடு வகுப்பில் இருக்கும் மாணவர்களின் ரெகுலேஷனையே பின்பற்ற வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் கல்லூரியுடையது. பல்கலைக்கழகத் தளத்தில் இருப்பதை நம்பிப் படிக்காதீர்கள்.

நான் இங்கே சொல்லும் பாடப் பெயர்களும் எண்களும் 2021 ரெகுலேஷனுக்கு உரியவை. 2025இல் சேர்ந்தவர்கள் திட்டமிடும் முறையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு, எண்களைத் தங்கள் பாடத்திட்டத்தில் பாருங்கள்.

இறக்க வேண்டிய கோப்புகள் இரண்டு. ஒன்று ரெகுலேஷன் விதிகள்: வருகைப் பதிவு, தேர்ச்சி, ஹானர்ஸ் (கூடுதல் பாடம் படித்துப் பெறும் சிறப்புப் பட்டம்), கிளாஸ் எல்லாம் இதில் இருக்கும். மற்றொன்று உங்கள் துறையின் பாடத்திட்டம். பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டும் இலவசம். பாடத்திட்டத்தின் முதல் சில பக்கங்களில் இருக்கும் செமஸ்டர் அட்டவணையை மட்டும் அச்செடுத்தால் போதும்.

பாடக் குறியீட்டைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 2017 ரெகுலேஷனில் சிஎஸ் 8391, 2021இல் சிஎஸ் 3301. எழுத்துகளுக்குப் பிறகு வரும் முதல் எண் ரெகுலேஷனைக் காட்டுகிறது. இரண்டாவது எண் பெரும்பாலும் செமஸ்டர். சீனியரிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள். நான் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் புத்தகம் ஒன்றை அப்படி வாங்கினேன். 2017இல் டிஜிட்டல் பிரின்சிபிள்ஸும் ஆர்க்கிடெக்சரும் தனித்தனித் தாள்கள். 2021இல் இரண்டும் சேர்ந்து ஒரே தாள். என் புத்தகத்தில் டிஜிட்டல் பகுதியே இல்லை என்பது தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

2. எட்டு செமஸ்டரையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு சார்ட் தாளில் எட்டுக் கட்டம் போட்டு, பாடங்களையும் கிரெடிட்டையும் எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். ஆய்வகத்தில் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். மொத்தம் 160ஐ ஒட்டி வரும். 4 கிரெடிட் பாடத்தில் இழக்கும் ஒரு கிரேடு, 1 கிரெடிட் பாடத்தில் இழப்பதைப் போல நான்கு மடங்கு உங்கள் சிஜிபிஏவைக் (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) குறைக்கும். எதற்கு எவ்வளவு நேரம் என்பதை இந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அடுத்து, சிவப்பு மையில் அம்புக்குறி போடுங்கள். அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பாடங்களுக்கு இடையே தொடர்பு இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தொடர்பு இருக்கிறது (அடைப்புக்குறியில் இருப்பது செமஸ்டர்):

- டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸ் (3) → தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் (4) → கம்பைலர் டிசைன் (5)
- சி புரோகிராமிங் (2) → டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (3) → அல்காரிதம்ஸ் (4)
- டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் (3) → ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் (4) → டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் (5)
- ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (2) → டேட்டா சயின்ஸ் (3) → செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங் (4)

நான்கு சங்கிலியும் மூன்றாம் செமஸ்டர் வழியாகப் போவதைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் படிப்பில் மிக முக்கியமான ஆறு மாதம் அதுதான். இறுதியாண்டு புராஜெக்டைக்கூட அதற்குப் பிறகுதான் வைப்பேன்.

3. மூன்றாம் செமஸ்டருக்கு முந்தைய கோடை விடுமுறையை வீணாக்காதீர்கள்

மூன்றாம் செமஸ்டரில் மூன்று மொழிகள் ஒரே நேரத்தில் வரும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆய்வகம் சி மொழியில், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் ஜாவாவில், டேட்டா சயின்ஸ் ஆய்வகம் பைத்தானில். திங்கட்கிழமை ஆய்வகத்தில் பாயிண்டரோடு (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) மல்லுக்கட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமை அது இல்லாத ஜாவாவில் பாயிண்டரைத் தேடிக்கொண்டிருந்தவன் நான். கூடவே 4 கிரெடிட்டுக்கு டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸ்.

விடுமுறையில் ஜாவா வகுப்புக்குப் பணம் கட்டிப் போகிறவர்கள் நிறைய பேர். அது வேண்டாம் என்பேன். ஜாவாவைக் கல்லூரியில் அடிப்படையிலிருந்து நடத்துவார்கள். சி மொழியை மூன்றாம் செமஸ்டரில் யாரும் மீண்டும் நடத்த மாட்டார்கள். தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக லிங்க்டு லிஸ்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே பாயிண்டர், ஸ்ட்ரக்சர், ஃபங்ஷன், ரிகர்ஷன் ஆகிய நான்கையும் விடுமுறையில் கையால் எழுதிப் பழகுங்கள். மெமரியைக் கட்டங்களாக நோட்டில் வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். நான் செமஸ்டர் தேர்வுக்குப் படித்தபோது செய்தது அதுதான். மூன்று நாளில் லிங்க்டு லிஸ்ட் பிடிபட்டது.

நேரடி இரண்டாமாண்டில் சேரும் டிப்ளமோ மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதலாண்டின் கணிதத் தாள்களும் பைத்தானும் சி மொழியும் உங்களுக்கு நடந்திருக்காது. சேர்க்கை ஆணை கைக்கு வந்த அன்றே, அந்த நான்கு பாடங்களின் பாடத்திட்டத்தை இறக்கிப் படிக்கத் தொடங்கிவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு சொல். முதல் செமஸ்டரில் தமிழர் மரபு, இரண்டாவதில் தமிழரும் தொழில்நுட்பமும் என்று ஒரு கிரெடிட் பாடங்கள் இருக்கின்றன. இவற்றைத் தமிழிலேயே எழுதலாம். முதலாண்டில் ஆங்கில வகுப்புகள் மிரட்டும்போது, நன்றாக எழுத முடியும் என்ற தெம்பை எனக்குக் கொடுத்தவை இந்த இரண்டும்தான்.

4. இன்டர்னலில் 23 என்ற எண்ணை மறக்காதீர்கள்

தியரி பாடங்களில் இன்டர்னல் (கல்லூரியே போடும் அக மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வுத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு இருக்கும். அதை 60க்குச் சுருக்கிக் கூட்டுவார்கள். தேர்ச்சிக்கு நிபந்தனை இரண்டு: தாளில் 100க்கு 45 வேண்டும், இன்டர்னலோடு சேர்த்து மொத்தம் 50 வேண்டும்.

தாளில் 45 எடுத்தால் அது 27 ஆகிறது. ஆகவே இன்டர்னல் 23 இருந்தால் தாளில் 45 போதும். இன்டர்னல் 15 என்றால் இன்னும் 35 வேண்டும்; அதற்குத் தாளில் 59 எடுத்தாக வேண்டும்.

டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸில் என் இன்டர்னல் 16. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது தாளில் 49 போட்டிருந்தார்கள். 49ஐச் சுருக்கினால் 29.4; 16ஐக் கூட்டினால் 45.4. அரியர். என் பக்கத்து நாற்காலிக்காரன் தாளில் 46 எடுத்திருந்தான். இன்டர்னல் 30 என்பதால் தேறிவிட்டான். இன்டர்னல் தேர்வு அன்று காய்ச்சல் என்று விடுதியில் படுத்திருந்தவன் நான். மறுதேர்வு கேட்டு எழுதிக் கொடுக்கவும் இல்லை. மருத்துவச் சான்றிதழோடு அன்றே கேட்டிருக்க வேண்டும். அரியர் எழுதியபோதும் அந்தப் 16தான் என்னோடு வந்தது.

தாளின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஐந்து யூனிட்டிலிருந்தும் வரும். "மூன்று யூனிட் படித்தால் போதும்" என்று விடுதியில் சொல்வதைக் கேட்டு இந்த இருபதை இழக்காதீர்கள்.

வருகைப் பதிவு 75% வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குச் சான்றிதழ் காட்டிச் சலுகை கேட்கலாம். 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மீண்டும் படிக்க வேண்டும்; ஓராண்டு போகும்.

முடிவு வந்ததும் மறுமதிப்பீடு கேட்க எண்ணினால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகே மறுமதிப்பீடு. பாடம் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். கெடு சில நாட்கள்தான். முடிவு வரும் வாரத்தில் ஊரில் இருந்தாலும் கையில் இந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அரியர்த் தேர்வுகள் நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே என ஆண்டுக்கு இருமுறை, வழக்கமான தேர்வுகளோடு சேர்ந்தே வரும். ஒரு தடவைக்கு இரண்டு அரியருக்கு மேல் சேரவிடாதீர்கள். அடுத்தடுத்த நாளில் தேர்வு விழுந்தால் இரண்டுமே கெடும்.

5. எலெக்டிவ்: படிவம் வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் நான்கு என ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ். தலா 3 கிரெடிட். இவை வெர்ட்டிகல் எனப்படும் நெடுவரிசைகளாக இருக்கும்: டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, கிரியேட்டிவ் மீடியா, எமர்ஜிங் டெக்னாலஜிஸ், செயற்கை நுண்ணறிவு. ஒரே நெடுவரிசையிலிருந்தும் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம்.

கலந்து எடுப்பவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையைக் கிடைமட்டமாகப் பாருங்கள். ஒரே கிடைவரிசையில் இருக்கும் பாடங்களில், ஒரு செமஸ்டரில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதே வரிசையில் இன்னொன்று வேண்டும் என்றால், ஒன்றை ஐந்தாவதிலும் மற்றதை ஆறாவதிலும் எடுக்க வேண்டும். வெப் டெக்னாலஜிஸ், கிளவுட் கம்ப்யூட்டிங், எத்திக்கல் ஹேக்கிங் மூன்றும் முதல் வரிசையில் இருக்கின்றன. மூன்றும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். படிவம் திரும்பி வந்தது. மாற்றி எழுத அரை மணி நேரம் கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் நண்பர்கள் எதை எழுதினார்களோ அதையே எழுதினேன். எனக்கு விருப்பமே இல்லாத ஒரு பாடத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தேன்.

அட்டவணையில் இருப்பதெல்லாம் கல்லூரியில் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். நடத்த ஆசிரியரும் போதிய மாணவர்களும் இருந்தால்தான் ஒரு பாடத்தைத் திறப்பார்கள். ஆகவே நான்காம் செமஸ்டரின் நடுவில் துறைத்தலைவரிடமோ வகுப்பு ஆலோசகரிடமோ போய், சென்ற ஆண்டு எந்தெந்த எலெக்டிவ் நடந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். விரும்பும் பாடம் அதில் இல்லை என்றால், அதே விருப்பமுள்ளவர்களைத் திரட்டிக் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள். படிவம் வந்த பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வளாக வேலைவாய்ப்பை நம்பியிருப்பவர்கள் ஃபுல் ஸ்டாக் வரிசையில் மூன்று, கிளவுடில் இரண்டு, மீதி ஒன்று விருப்பத்துக்கு என்று எடுத்தால் கையில் காட்டுவதற்கு வேலை இருக்கும். மேற்படிப்பு எண்ணம் இருந்தால் டேட்டா சயின்ஸ் அல்லது செயற்கை நுண்ணறிவு வரிசையில் ஆழமாகப் போங்கள். மதிப்பெண் அள்ளிப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பாடத்தை எடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறலாம்.

ஹானர்ஸ் வேண்டும் என்றால் இவற்றுக்கு மேல் 18 கிரெடிட், அதாவது இன்னும் ஆறு பாடம். எல்லாப் பாடத்திலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும், சிஜிபிஏ 7.5 வேண்டும். வேறு துறையில் 18 கிரெடிட் எடுத்தால் மைனர். இரண்டுக்கும் ஐந்தாம் செமஸ்டரிலேயே பதிய வேண்டும். என் அறைத்தோழனுக்கு எல்லாத் தகுதியும் இருந்தன. ஆறாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்; ஒரே ஆண்டில் அத்தனை பாடத்தைத் திணிக்க முடியவில்லை. கூடுதல் பாடத்துக்குக் கல்லூரி தனிக் கட்டணம் கேட்குமா என்பதைப் பதிவதற்கு முன்பே கேளுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள்.

இவை தவிர, பிற துறைகளிலிருந்து நான்கு ஓபன் எலெக்டிவ்: ஆறாவதில் ஒன்று, ஏழாவதில் மூன்று. கிரெடிட் இல்லாத மேண்டேட்டரி கோர்ஸ் (கட்டாயப் பாடம்) இரண்டு உண்டு. சிஜிபிஏவில் சேராது என்று அலட்சியமாக விடாதீர்கள். அவற்றை முடிக்காமல் பட்டம் கிடையாது.

6. என்பிடெல் பாடத்தால் ஏழாம் செமஸ்டரை இலகுவாக்குங்கள்

ஐஐடி போன்ற நிறுவனங்களின் ஆசிரியர்கள் நடத்தும் ஸ்வயம்-என்பிடெல் இணையப் பாடங்களை எலெக்டிவ்களுக்கு மாற்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. எத்தனை பாடத்துக்கு அனுமதி, எந்தப் பட்டியலிலிருந்து என்பதைத் துறையில் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே சேருங்கள். முடித்துவிட்டுச் சான்றிதழை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

12 வாரப் பாடம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. எலெக்டிவ் 3 கிரெடிட் என்பதால் 12 வாரப் பாடம்தான் பயன்படும். 8 வாரப் பாடத்தை முடித்துவிட்டு ஏமாந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். சேர்வது இலவசம், தேர்வுக்குப் பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். வாராந்திரப் பயிற்சிக்கு 25%, நேரில் எழுதும் தேர்வுக்கு 75%. பயிற்சிகளில் குறைந்தது 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 வேண்டும். வாரப் பயிற்சிக்கான கெடு தாண்டினால் திரும்பக் கிடைக்காது. எனவே ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

7. இன்டர்ன்ஷிப் வந்தால்

எட்டாம் செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும்தான்; 10 கிரெடிட். ஏழாவதிலேயே இன்டர்ன்ஷிப் கிடைத்தால், அந்த செமஸ்டரின் பாடங்களை எட்டாவதில் படிக்க இடம் இருக்கிறது. இதற்கு நிறுவனத்தின் கடிதம், துறைத்தலைவர் ஒப்புதல், போனஃபைட் சான்றிதழ் மூன்றும் செமஸ்டர் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

முதல் வகுப்புக்குச் சிஜிபிஏ 6.5, டிஸ்டிங்ஷனுக்கு 8.5, அதுவும் எல்லாம் முதல் முயற்சியில். பட்டத்தை முடிக்க மொத்தம் ஏழு ஆண்டு வரை இடம் உண்டு என்றாலும், முதல் வகுப்பு வேண்டும் என்றால் ஐந்து ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும். எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாமாண்டிலேயே எழுதலாம். டிஸ்கிரீட் மேத்தமடிக்ஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் நினைவில் இருக்கும்போதே ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது.

8. ஒரு கோப்பு போடுங்கள்

இருநூறு பக்க நோட்டு விலைக்கு ஒரு நல்ல கோப்பு கிடைக்கும். அதில் இவை இருக்கட்டும்: சேர்க்கை ஆணை, முதல் பட்டதாரிச் சான்றிதழ் நகல், ஒவ்வொரு செமஸ்டரின் மதிப்பெண் சான்றிதழ், தேர்வுக் கட்டண ரசீதுகள், ஹால் டிக்கெட்டுகள், எலெக்டிவ் படிவத்தின் நகல், என்பிடெல் ஒப்புதல் கடிதமும் சான்றிதழும், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள். முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான். தேர்வுக் கட்டணத்தைத் தனியே கட்ட வேண்டியிருக்கும், அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் ரெகுலேஷனின் முழுப் பாடத்திட்டத்தையும் பிடிஎஃப் வடிவில் மின்னஞ்சலில் பத்திரப்படுத்துங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தப் பாடத்தில் என்ன படித்தீர்கள் என்று யூனிட் வாரியாகக் கேட்பார்கள். அப்போது தேடினால் புதிய ரெகுலேஷன்தான் முன்னால் வந்து நிற்கும்.

சிவப்பு அம்புக்குறி போட்ட அந்தச் சார்ட் தாளையும் மடித்து இதே கோப்பில் வையுங்கள். எலெக்டிவ் படிவம் கொடுக்கும் நாளில் கோப்போடு போங்கள். ஆறு பாடத்தோடு, திறக்காமல் போனால் மாற்றாக எழுத இன்னும் இரண்டு பாடத்தின் குறியீட்டையும் அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருங்கள்.